எண்ணெயின் முகமும் இயந்திரத்தின் கண்ணும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பதும் அவர்தம் மொழியே. ஒன்று தோற்றத்தை நம்பலாம் என்கிறது. மற்றொன்று நம்பற்க என்கிறது. இரண்டும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம் என வினவுவார்க்கு விடையாக யாம் காட்டத்தக்க பொருளொன்று மன்னார்க் கரையில் உண்டு. அது முத்துமன்று, உப்புமன்று. மின்சாரத்தின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் தரும் பெரும் பெட்டிகளினுள்ளே கிடக்கும் எண்ணெயே அது. விழா மலரிலே எண்ணெயைப் பற்றி எழுதுவதோ என நகைப்போர் சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறோம். நம் மாணவர் ஆற்றவேண்டிய கடமையொன்று அதனுள் அடங்கியிருக்கிறது.

பாடநூலில் நிலைமாற்றி என்றும், பத்திரிகையில் மின்மாற்றி என்றும், தெருவில் ட்ரான்ஸ்போமர் என்றும் வழங்குவன மூன்றும் ஒன்றே. ஈண்டு மின்மாற்றி என்றே வழங்குவோம். மன்னார்த் தீவின் தென்கரையில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை நிறுவிய தம்பபவனிக் காற்றாலைப் பண்ணை 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் திறந்துவைக்கப்பெற்றது. காற்றாலைகள் 30, ஒவ்வொன்றின் வலுவும் 3.45 மெகாவாற்று, ஆகமொத்தம் 103.5 மெகாவாற்று. சோளகம் வீசும் மாதங்களிலே அவை மிகுதியாக ஈட்டும் மின்சாரம் நடுக்குடா உப மின்நிலையத்தில் ஒன்றுதிரண்டு, 33,000 வோல்ற்றிலிருந்து 220,000 வோல்ற்றுக்கு உயர்ந்து, பெருநிலத்தை நோக்கிச் செல்கிறது. அவ்வாறு உயர்த்துவது மின்மாற்றி. மீனுக்கு ஐஸ் உண்டாக்கும் இடத்துக்கும், வைத்தியசாலைக்கும், மாணவன் படிக்கும் விளக்குக்கும் ஏற்ற அளவுக்கு அழுத்தத்தை இறக்கித் தருவதும் மின்மாற்றியே.

காற்றாலைகள் எங்கே, எத்தனை, எவர் இசைவுடன் அமையவேண்டும் என்னும் வழக்கு 2025ஆம் ஆண்டில் மன்னாரில் மக்கள் போராட்டமாய் எழுந்தது. அது பெரிய வழக்கு, தனியே ஆராயத்தக்கது. அதன் முடிவு எதுவாயினும், மின்சாரம் வேண்டும் இடமெல்லாம் மின்மாற்றி இருக்கும். அதனைப் பேணும் கடனும் இருக்கும்.

மின்மாற்றியினுள்ளே கம்பிச் சுருள்கள் தாளினாற் பொதியப்பட்டு எண்ணெயில் அமிழ்ந்து கிடக்கின்றன. எண்ணெயின்றி இயங்கும் உலர் வகையும் உண்டு. எனினும் உப மின்நிலையங்களிலுள்ள பெரியன பெரும்பாலும் எண்ணெயில் அமிழ்ந்தனவே. அவ்வெண்ணெய்க்குத் தொழில் இரண்டு. மின் பாயலாகாத இடத்திற் பாயாது தடுத்தல் ஒன்று; சுருள்களின் வெப்பத்தை வாங்கிப் புறத்தே கொண்டுபோய் விடுதல் மற்றொன்று. வெப்பம் ஏறும்போது எண்ணெய் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. அதற்கேற்பப் பல மின்மாற்றிகள் காற்றை வெளிவிட்டும் உள்வாங்கியும் மூச்சு விடுகின்றன. அம்மூச்சுச் செல்லும் வழியில் சிலிக்கா ஜெல் மணிகள் நிறைந்த கண்ணாடிக் குடுவையொன்று தொங்கும். நீல மணிகள் ஈரத்தை உறிஞ்சினால் இளஞ்சிவப்பாகும். வாயிற் காவலாளியும் கண்டு சொல்லத்தக்க குறி அது. ஆகவே நிறத்தைக் கொண்டு நலத்தை அறியும் முறை மின்மாற்றிக்குப் புதிதன்று. குடுவையில் நின்ற அக்கண்ணை எண்ணெய்க்குள்ளும் செலுத்தலாமோ என்பதே இன்றைய வினா.

வெப்பம், ஈரம், ஒட்சிசன் என எண்ணெய்க்குப் பகைவர் மூவர். வெயிலும் கடற்காற்றின் ஈரமும் நீங்காத கரையிலே இம்மூவரும் ஓய்வதில்லை. எண்ணெய் ஒட்சியேறி அமிலத்தைப் பிறப்பிக்கிறது. அமிலம் தாளை அரிக்கிறது. தாள் சிதைய நீர் பிறக்கிறது. அந்நீர் மீண்டும் தாளையே சிதைக்கிறது. எண்ணெயை வடிக்கலாம், மாற்றவும் செய்யலாம்; சுருளோடு ஒன்றிக் கிடக்கும் தாளை மாற்றுதல் அரிது. வெப்பநிலை 6 பாகை செல்சியசு உயருந்தோறும் சாதாரணத் தாள் முதுமையடையும் வேகம் இருமடங்காகும் என்பது பொறியியலார் கொள்ளும் கணக்கு. தாளின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுள். பெரியதொரு மின்மாற்றி அழியுமாயின், புதியது வந்து சேர ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்வது இன்று உலகெங்கும் காணும் நிலை.

எண்ணெயின் நலத்தை அறியும் சோதனைகள் ஆய்வுகூடத்தில் பல உள. 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் இரு மின்வாய்களுக்கிடையே எண்ணெயை விட்டு, எத்தனை கிலோவோல்ற்றில் பொறி பாய்கிறது என்று பார்ப்பது ஒன்று. ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வேண்டும் என்று அளப்பது மற்றொன்று. அளவியும் கூம்புக்குடுவையும் ஏந்தி, நிறம் மாறும் அந்த ஒரு துளிக்காக மூச்சடக்கி நின்ற நாள்களை நம் பழைய மாணவர் மறந்திரார், இதுவும் அந்நியமிப்பே. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள பரப்பிழுவிசையை அளப்பது வேறொன்று. புதிய எண்ணெயில் மீற்றருக்கு 40 மில்லிநியூற்றன் அளவில் நிற்கும் அவ்விசை, மாசு சேரச் சேர இறங்கிவிடும். இவற்றினும் நுண்ணியது கரைந்த வாயுக்களின் சோதனை. உள்ளே மின்வில் எழுந்தால் அசற்றிலீனும், எண்ணெய் மிகுவெப்பமுற்றால் எதிலீனும் பிறந்து எண்ணெயிற் கரைந்து நிற்கும். மெதேன், எதிலீன், அசற்றிலீன் என்னும் மூன்றின் விகிதத்தைக் கொண்டு நோயின் வகையைச் சொல்வதற்குக் கனடாவின் மிசேல் டுவால் வகுத்த முக்கோணம் இன்றும் பொறியியலார்க்கு வழிகாட்டுகிறது.

நல்ல முறைகள் இவை. இவற்றின் குறை ஒன்றே: ஆள் வேண்டும், நாள் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். கரையோரத்தில் எடுத்த மாதிரி போத்தலில் அடைபட்டு நெடுந்தூரம் சென்று, முறை வரும்வரை காத்திருந்து, பின்னரே விடை தரும். பெரிய மின்மாற்றிகளுக்கேனும் இது தகும். ஊர்தோறும் கம்பத்தின் மேல் நிற்கும் சிறியனவற்றுக்கு யார் அடிக்கடி செய்யவல்லார்?

இங்கேதான் ஒளி துணைக்கு வருகிறது. புதிய எண்ணெய் ஏறத்தாழ நிறமற்றது. அது முதிரும்போது பிறக்கும் பொருள்கள் முதலில் ஊதாக்கடந்த கதிரையும், பின்னர் நீல ஒளியையும், அதன்பின் பச்சையையும் விழுங்குகின்றன. அதனாலேயே எண்ணெய் வைக்கோல் நிறமும் தேன் நிறமும் எய்தி, இறுதியில் வெறுந்தேநீரின் நிறம் கொள்கிறது. 0.5 முதல் 8 வரை எண்ணிட்ட நிறக் கண்ணாடிகளோடு கண்ணால் ஒப்புநோக்குவது பழைய முறை. இன்றைய முறையில் ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியுணரி, நடுவே சிறு குப்பியில் எண்ணெய். ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி கடந்து வந்ததென்று நூற்றுக்கணக்கான எண்களைக் கருவி சில நொடிகளிலே தந்துவிடும். தாள் சிதைவதாற் பிறக்கும் பியூரான் வகைப் பொருள்கள் ஊதாக்கடந்த பகுதியிலும், நீர் செந்நிறக்கீழ்ப் பகுதியிலும் தத்தம் சுவடுகளை விடுகின்றன.

அவ்வெண்களை மட்டும் நோக்கி அமிலத்தின் அளவைச் சொல்லல் மனிதர்க்கு எளிதன்று. இயந்திரக் கற்றல் அதற்கு உதவுவது. மந்திரமொன்றும் அதில் இல்லை. ஆய்வுகூடத்தில் முறைப்படி அளக்கப்பெற்ற எண்ணெய்கள் பலவற்றின் ஒளிச்சுவடுகளையும் அவற்றின் மெய்யான அளவுகளையும் இணையிணையாகக் கணினிக்குக் காட்டினால், இரண்டுக்குமுள்ள தொடர்பை அது வகுத்துக்கொள்ளும். பின்னர் ஒளிச்சுவடு மட்டும் கிடைப்பினும் அளவை மதிப்பிட்டுச் சொல்லும். வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் பலவற்றில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது.

மன்னார்க் கரைக்கு இத்தகைய கல்வி பழக்கமானதே. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், 20 துளை முதல் 1000 துளை வரை கொண்ட பத்துப் பித்தளைப் பெட்டிகளில் முத்துக்களைச் சலித்துப் பருமன் பிரித்தனர். அதன்மேல் உருண்டையையும் ஒளியையும் நோக்கித் தரம் வகுத்தது கண். அக்கண் பிறவியில் வந்ததன்று. ஆயிரமாயிரம் முத்துக்களைப் பார்த்தும், பிழைத்தபோது மூத்தவராற் திருத்தப்பெற்றும் பழகியது. இயந்திரத்தின் கண்ணும் அவ்வாறே பழகுகிறது. முத்தைத் தெரிந்தவரிடம் பழகிய கண் முத்தைத் தெரியும். கூழாங்கல்லைக் காட்டிப் பழக்கிய கண் கூழாங்கல்லையே தெரியும்.

ஆதலின் எமது கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகிறோம். இம்முறை நமது கரைக்கு வரவேண்டும். ஆனால் கருவியை விலைக்கு வாங்கலாமேயன்றி அதன் கல்வியை விலைக்கு வாங்குதல் ஆகாது. அதற்குக் கற்பிப்பது நமது எண்ணெயாக இருத்தல் வேண்டும். அது சொல்வது ஐயமாகக் கொள்ளப்பட வேண்டுமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. சொன்னபின் செயலாற்றும் பொறுப்பு ஒரு மனிதரிடம் நிற்றல் வேண்டும். இம்மூன்றும் இன்றேல், கருவி வருவதினும் வராதிருத்தல் நன்று; பொய்யான நம்பிக்கை ஐயத்தினும் கொடிது.

முதலாவதை நோக்குவோம். எண்ணெய்கள் எல்லாம் ஒரே பிறப்பின அல்ல. மண்ணெண்ணெய் எடுக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து வரும் கனிய எண்ணெயிலும் வகைகள் உள. தாவர எண்ணெய்களும் இத்துறையில் புகுந்துவிட்டன. நமது நாட்டிலேயே மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தார் தேங்காயெண்ணெயை மின்மாற்றிக்கு உதவுமாவென ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர்; பின்னர்ப் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். கனிய எண்ணெயைப் பார்த்துப் பழகிய இயந்திரத்திடம் தேங்காயெண்ணெயைக் காட்டினால் என்ன சொல்லும்? ஏதேனும் ஒன்றைச் சொல்லும். தெரியாது என்று மட்டும், அதற்கெனப் பழக்கினாலன்றிச் சொல்லாது. குளிர்நாட்டு எண்ணெயைக் கொண்டு கற்ற இயந்திரம் நமது வெயிலிலும் கடற்காற்றிலும் முதிர்ந்த எண்ணெயைச் சரியாக மதிப்பிடும் என்பதற்கு உறுதி யாது?

இன்னும் ஒன்று. கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்த மாணவன், அதே வினா வந்தால் முழுப் புள்ளி பெறுவான். வினா சற்றே மாறினால் விழிப்பான். இயந்திரமும் அத்தகையதே. ஒரே மின்மாற்றியின் எண்ணெயைக் கற்பித்தற்கும் பரீட்சித்தற்கும் பங்கிட்டுக் கொடுத்தல், வினாத்தாளை முன்கூட்டிக் காட்டுவதை ஒக்கும். நூறு மாதிரிகளுள் தொண்ணூற்றைந்து நல்லனவாயின், கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் நன்று என்னும் இயந்திரமும் தொண்ணூற்றைந்து புள்ளி பெறும். தவறவிட்ட ஐந்தும் தீப்பற்றும் ஐந்தாக இருக்கலாம். ஆதலின், எத்தனை சரி என்று கேட்பதோடு அமையாது, கெட்டவற்றுள் எத்தனையைக் கண்டது என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

இரண்டாவது, வெளுத்ததெல்லாம் பாலாகாமை. முதிர்ந்த எண்ணெயைக் களிமண் வகையொன்றினூடு செலுத்தித் தூய்மை செய்யும் முறை உண்டு. செய்தபின் எண்ணெய் புதியது போலவே தெளியும். தாளோ முதிர்ந்தபடியே இருக்கும். நிறத்தை மட்டும் நோக்கும் கருவி, நரைக்குச் சாயமிட்ட முதியவரை இளைஞர் என்று கொள்வதுபோலக் கொள்ளும். மேலும், ஆபத்தை முன்னறிவிக்கும் அசற்றிலீனும் ஐதரசனும் நிறமற்றவை; எண்ணெய் தெளிந்திருக்கும்போதே உள்ளே பொறி பாய்ந்துகொண்டிருக்கலாம். வாயுக்களைப் பிரித்தெடுத்துச் செந்நிறக்கீழ் ஒளியால் அளக்கும் கருவிகள் உள; அவை விலை மிக்கன; ஐதரசனோ அவ்வொளிக்கும் அகப்படாதது, அதற்கு வேறு உணரி வேண்டும். பழைய மின்மாற்றிகள் சிலவற்றில் காணும் பீ.சீ.பீ. என்னும் நச்சுப்பொருளையும் நிறம் காட்டாது. அதனை ஒழிக்கும் ஸ்ரொக்கோம் உடன்படிக்கையை இலங்கை 2005இல் ஏற்றுக்கொண்டது. அத்தகைய கழிவை 2028ஆம் ஆண்டுக்குள் அப்புறப்படுத்த முயல்வதும் அவ்வுடன்படிக்கையின் பாற்பட்டது. கழித்த எண்ணெய் வெல்டிங் பட்டறைகளில் வெறுங்கையாற் புழங்கப்படும் நாட்டில், தெளிவாயிருக்கிறது, ஆகையால் தீதில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது.

ஆயின் ஒளிக்கு வேலை இல்லையோ? உண்டு. அது நல்ல காவலாளி, நீதிபதியன்று. நூறு மின்மாற்றிகளுள் எந்தப் பத்தினை உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும் என்று விரைந்து சொல்லும். இந்த ஒன்றே பெரும் பயன். காவலாளி வீணே கூவினால் ஒரு சோதனைச் செலவு. கூவாது உறங்கினால் ஒரு மின்மாற்றி. ஆதலின் சிறிது மிகையாகவே ஐயுறுமாறு அதனைப் பழக்குதல் தகும். கரைந்த வாயுச் சோதனையை அதன் பெயராற் குறைத்தல் தகாது.

மூன்றாவதே எல்லாவற்றினும் பெரிது. 2025ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாளிரவு, மேற்கு இலண்டனில் நோர்த் ஹைட் உப மின்நிலையத்து மின்மாற்றியொன்று தீப்பற்றியது. மறுநாட் பெரும்பொழுதும் ஹீத்ரோ விமான நிலையம் மூடிக்கிடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்கள் குலைந்தன. இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் பலருக்கும் அந்நாள் நினைவிருக்கும். அவ்வாண்டு யூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை, உயரழுத்தக் கம்பி மின்மாற்றியினுள் நுழையும் காப்புக் குழல் பழுதுற்றதே காரணம் என்றும், ஈரம் புகுந்தமை பெரும்பாலும் அதற்கு ஏது என்றும் கூறியது. அக்குழலின் எண்ணெய் மாதிரியில் ஈரம் மிகுந்திருந்தமை 2018 யூலையிலேயே கண்டறியப்பட்டிருந்தது. கண்டபின் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறியது. ஆய்வுகூடமும் பணமும் அறிஞரும் நிறைந்த நாட்டிலே, எண்ணெய் உண்மையைச் சொல்லியது, கேட்பாரில்லை. கருவி குறைவாயிருந்ததால் வந்த கேடன்று அது. ஏட்டில் எழுதிய எண்ணுக்கு மறுமொழி சொல்லவேண்டியவர் இன்னார் என்பது உறுதியாக இல்லாதவிடத்து, ஒளியும் இயந்திரமும் மேலும் பல எண்களை எழுதிக் குவிக்குமே தவிர வேறொன்றும் செய்யா.

இனி, செய்யத்தக்கன யாவை? மின்சாரத்துக்குப் பொறுப்பாயுள்ளோர் ஆய்வுகூடத்துக்கு எண்ணெய் மாதிரி அனுப்பும்போதெல்லாம், அதிலொரு சிறு பங்கின் ஒளிச்சுவட்டையும் பதிந்து வைத்தல் வேண்டும். மின்மாற்றியின் வயது, எண்ணெயின் வகை, இறுதியாகத் தூய்மை செய்த நாள், மாதிரி எடுத்தபோதிருந்த வெப்பநிலை என்பனவும் அருகில் எழுதப்படல் வேண்டும். செலவு சிறிது. பத்தாண்டு செல்ல, நமது கரையின் எண்ணெயைப் பற்றி நமக்கெனவோர் ஏடு இருக்கும். எந்த இயந்திரத்தையும் அதைக் கொண்டு பழக்கலாம், எந்த வணிகன் கொணரும் கருவியையும் அதைக் கொண்டு பரீட்சிக்கலாம். ஏடு இல்லாதவர், விற்பவன் சொல்லை நம்புவதன்றி வேறு வழியற்றவர். ஒவ்வோர் ஐயத்துக்கும் இன்ன அலுவலர் இன்ன நாளுக்குள் விடை எழுதவேண்டும் என்பதும் அவ்வேட்டிலேயே வகுக்கப்படல் வேண்டும்.

கல்லூரிக்கும் ஒரு பங்கு உண்டு. உயரழுத்த மின்மாற்றியின் அருகே மாணவரை அனுப்புக என்று யாம் கூறோம். இன்ன வகையென்று அறியாத பழைய எண்ணெயைத் தொடுவிக்கவும் வேண்டா. விழாவின் நினைவாகப் பழைய மாணவர் சங்கம் சிறியதொரு நிறமாலைக் கருவியை ஆய்வுகூடத்துக்கு வாங்கித் தரலாம். நல்லெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் வெவ்வேறு மணிநேரம் காய்ச்சி, ஆசிரியர் மேற்பார்வையில் நியமிப்பால் அமிலத்தை அளந்து, ஒளிச்சுவட்டையும் பதிந்து, கணினிக்குக் கற்பித்துப் பார்க்கட்டும். நல்லெண்ணெயிற் கற்ற இயந்திரம் தேங்காயெண்ணெயில் எவ்வாறு பிழைக்கிறது என்பதைத் தம் கண்ணாற் காணட்டும். ஒருமுறை கண்டவன் பின்னர் எந்த இயந்திரத்தையும் கண்மூடி நம்பான். கண்மூடி வெறுக்கவும் மாட்டான். நாளை அவன் நடுக்குடாவிலோ வேறெங்கோ ஓர் எண்ணின் முன்னே நிற்கும்போது, அது எங்கிருந்து வந்தது, எதனைக் கொண்டு கற்றது, யார் மறுமொழி சொல்வது என்று கேட்பான்.

முத்தைத் தரம் கண்ட கண்கள் அக்கரையில் இன்று இல்லை. அவை அறிந்தவற்றை எழுதிவைத்தாரும் சிலரே. எண்ணெயைப் பார்க்கும் கண்ணுக்கேனும் நாம் ஏடு எழுதி வைப்போமாக. விழாக் காணும் கல்லூரி அன்னை நீடு வாழ்க.